வக்கீல் தொழிலும் ஏஐயும்: ஜூனியர்களும் கட்சிக்காரர்களும் கேட்கும் கேள்விகள்

மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் தொழில் செய்கிறேன். இரண்டு வருடமாக என்னிடம் வரும் கேள்விகளில் பாதி வழக்கைப் பற்றியவை, மீதிப் பாதி சாட்ஜிபிடியைப் பற்றியவை. ஜூனியர்கள் பயத்தோடு கேட்கிறார்கள், கட்சிக்காரர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். இருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் நிலம், பாகப்பிரிவினை, செக் என்றே சுற்றிவரும். எனக்குத் தெரிந்த உலகம் அது.

ஏஐ வந்துவிட்டால் வக்கீலே தேவையில்லையாமே?

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் இருக்கும்வரை அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் அடுத்தவருக்காக வக்காலத்து போட முடியும். தன் வழக்கைத் தானே நடத்த யாருக்கும் தடையில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து எந்த மென்பொருளைக் கேட்டுத் தயார் செய்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எழுந்து நின்று பேசுவது மனிதராக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதை மீறிப் பார்த்தார்கள். டூநாட்பே என்ற நிறுவனம் 'ரோபோ வக்கீல்' என்று விளம்பரம் செய்து, போக்குவரத்து வழக்கில் ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு அது சொல்வதை அப்படியே நீதிமன்றத்தில் சொல்வார் என்று 2023-இல் அறிவித்தது. வழக்கறிஞர் சங்கங்கள் எச்சரித்ததும் திட்டத்தைக் கைவிட்டது. பிறகு, விளம்பரம் செய்த அளவுக்கு உங்கள் சரக்கு வேலை செய்யவில்லை என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்ததில் 1,93,000 டாலர் கட்டியது. 2025 மார்ச்சில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒருவர் தன் வாதத்தைக் கணினி உருவாக்கிய முகத்தைப் பேசவைத்து வீடியோவாகப் போட்டார். சில விநாடிகளிலேயே நீதிபதி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் உண்மையில் எந்த வேலைதான் மாறியிருக்கிறது?

ஒரு வக்கீலின் நாளைப் பிரித்துப் பாருங்கள். கட்சிக்காரர் கதையைக் கேட்பது, வழக்குக் கட்டைப் படிப்பது, சட்டம் தேடுவது, டிராஃப்ட் போடுவது, தாக்கல் செய்து வழக்கு எண் வாங்குவது, வாய்தாவுக்குப் போய் நிற்பது, சாட்சியை விசாரிப்பது, வாதாடுவது. இதில் முதலும் கடைசியும் அப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ளவை ஆட்டம் கண்டிருக்கின்றன.

தேதிவாரிப் பட்டியல் நல்ல உதாரணம். 600 பக்கக் கட்டு வருகிறது. எந்த வருடம் எந்தப் பத்திரம், யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், பட்டா எப்போது மாறியது, முதல் நோட்டீஸ் எப்போது போனது என்று ஒரு பட்டியல் போட முன்பு ஜூனியர் இரண்டு நாள் உட்காருவார். இப்போது ஸ்கேன் தெளிவாக இருந்தால் அரை மணியில் ஒரு முதல் பட்டியல் கிடைக்கிறது. அதைக் கட்டோடு ஒத்துப்பார்க்க இன்னும் அரை நாள். மொத்தத்தில் மிச்சம்தான், ஆனால் விளம்பரத்தில் சொல்வதுபோல் பத்து நிமிட வேலையாகிவிடவில்லை.

குறுக்கு விசாரணைக்குத் தயாராகும்போதும் உதவுகிறது. சாட்சியின் பிரமாணப் பத்திரத்தையும் எதிருரையையும் பெயர்களை மாற்றிவிட்டுக் கொடுத்து, இரண்டும் எங்கெங்கே முரண்படுகின்றன என்று கேட்டால் நான் கவனிக்காத ஒன்றிரண்டைக் காட்டியிருக்கிறது. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்காமல் விடவேண்டும் என்று மட்டும் அதற்குத் தெரியாது. ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு ஜெயித்த கேஸைத் தோற்றவர்கள் எல்லா ஊர் வக்கீல் சங்கத்திலும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களில் கதை வேறு. லட்சக்கணக்கான மின்னஞ்சல்களில் வழக்குக்குத் தொடர்புள்ளதைப் பொறுக்கி எடுக்க மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று 2012-இலேயே நியூயார்க் நீதிமன்றம் ஒன்று ஒப்புக்கொண்டது. அவர்களுக்கு இது பத்து வருடத்துக்கு மேல் பழகிய சங்கதி. நமக்கு வந்தது 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளியான பிறகுதான்.

இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்கிறதே, ஏன்?

தீர்ப்புகளை அலமாரியில் அடுக்கிவைத்து அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் நூலகர் என்று அதை நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். இந்த மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கக் கற்றவை. ஒரு சைட்டேஷன், அதாவது தீர்ப்பைச் சுட்டும் குறிப்பு, எப்படி இருக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும்: அடைப்புக்குறிக்குள் வருடம், தொகுதி எண், எம்.எல்.ஜே. அல்லது எஸ்.சி.சி. என்று தீர்ப்புத் தொகுப்பின் பெயர், பக்க எண், இன்னார் எதிர் இன்னார். அந்த வடிவத்தில் ஒன்றை நெய்து கொடுத்துவிடும். கூண்டில் ஏறியதும் 'தெரியாது' என்று சொல்ல வாய்வராத சாட்சியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதே குணம்.

இதில் உலகப் புகழ் பெற்றது நியூயார்க் வழக்கு. விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஏவியாங்கா நிறுவனத்தின் மீது ஒரு பயணி போட்ட நஷ்டஈட்டு வழக்கு. பயணியின் வக்கீலுக்கு 30 வருட அனுபவம். அவர் தயாரித்த எழுத்துவாதத்தில் ஆறு தீர்ப்புகள் சாட்ஜிபிடி கற்பனை செய்தவை. எதிர்த்தரப்பு தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்றது. வக்கீல் என்ன செய்தார் தெரியுமா? அதே சாட்ஜிபிடியிடமே 'இந்த வழக்கு நிஜமா' என்று கேட்டார். அதுவும் நிஜம்தான், பெரிய சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்று சாதித்தது. 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். கருவியைப் பயன்படுத்தியதற்காக அல்ல. சந்தேகம் எழுந்த பிறகும் போலித் தீர்ப்புகளை விட்டுக்கொடுக்காமல் நின்றதற்காக.

நம் நாட்டிலும் நடந்துவிட்டது. 2025-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு மனுவில், ராஜ் நாராயண் எதிர் இந்திரா நேரு காந்தி தீர்ப்பின் 73-ஆம் பத்தி என்று எடுத்துக் காட்டியிருந்தார்கள். தீர்ப்பு உண்மையில் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பதே 27 பத்திகள். மனுவைத் திரும்பப் பெற்றார்கள். இல்லாத தீர்ப்பை விட இந்த வகை ஆபத்து அதிகம் என்பேன். பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்துவிடும், 'சரி, இருக்கிறது' என்று திருப்தியாகிவிடுவோம். பத்தி வரை போய்ப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பணம் கட்டி வாங்கும் சட்டக் கருவிகளில் இந்தப் பிரச்சினை இல்லைதானே?

குறைவு, இல்லாமல் இல்லை. அவை உண்மையான தீர்ப்புத் தொகுப்பில் தேடி, கிடைத்ததை வைத்துப் பதில் எழுதுபவை. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இரண்டு பெரிய சட்டத் தரவு நிறுவனங்களின் ஏஐ கருவிகளைச் சோதித்தார்கள். நல்லது என்று வந்ததே ஆறு கேள்வியில் ஒன்றுக்கு மேல் தவறாகவோ ஆதாரமில்லாமலோ சொன்னது. இன்னொன்று மூன்றில் ஒன்று. அவை பிறகு மேம்பட்டிருக்கலாம். என்றாலும் 'பணம் கட்டியிருக்கிறோம், பார்க்க வேண்டியதில்லை' என்ற நினைப்புக்கு அது போதுமான மருந்து.

பிரிவு எண்களில் அது தடுமாறுவதாகச் சொல்கிறார்களே?

தடுமாறுகிறது, நாமும்தான் தடுமாறுகிறோம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்தன. ஏஐ படித்த பக்கங்களில் பெரும்பங்கு பழைய சட்டத்தைப் பற்றியவை. நூறு வருடத்துக்கு மேலான தீர்ப்புகள் எல்லாம் 302, 420 என்றே பேசுகின்றன.

எனக்குப் பிடித்த கண்ணி 482. பழைய முறைச் சட்டத்தில் 482 என்றால் உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. முன்ஜாமீன் 438. புதிய சட்டத்தில் முன்ஜாமீன் 482, ரத்து மனு 528. அதாவது '482-இல் ஒரு மனு எழுது' என்று சொன்னால், எந்தச் சட்டம் என்று குறிப்பிடாவிட்டால், கட்சிக்காரருக்கு வேண்டியது முன்ஜாமீனாக இருக்க, ரத்து மனுவுக்கான காரணங்களோடு அழகான டிராஃப்ட் வரும். அதேபோல் 302. பழையதில் கொலை. புதியதில் கொலைக்குத் தண்டனை சொல்வது 103, 302 என்பது பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. கொலை கேஸில் ஜாமீன் மனு போட்டு, புதிய சட்டத்தின் பெயரோடு 302 என்று எழுதினால் பெஞ்ச் கிளார்க்கே சிரிப்பார்.

இன்னொரு நுணுக்கம்: 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் பழையதே. சம்பவத் தேதியைக் கேட்காமலே பதில் சொல்லத் தொடங்கினால் அந்தப் பதிலை அப்படியே நம்ப வேண்டாம்.

தமிழ்நாட்டுச் சட்டம் அதற்குத் தெரியுமா?

கேட்டால் ஓரளவு சொல்லும். கேட்காவிட்டால் மத்தியச் சட்டத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடும். சிவில் வக்கீலுக்கு இங்கேதான் வழுக்கும்.

பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். மகனைப் போலவே மகளுக்கும் பங்கு தந்து 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல், தமிழ்நாடு தன் திருத்தத்தைக் கொண்டுவந்துவிட்டது. அன்றைக்குத் திருமணமாகாத மகளுக்குப் பங்கு உண்டு என்றது. அந்த இடைப்பட்ட பதினாறு வருடத்தில் நடந்த பாகப்பிரிவினை, விற்பனை, மரணம் இவற்றைப் பேசும் வழக்குகள் நம் நீதிமன்றங்களில் இன்றும் ஓடுகின்றன. ஏஐ தானாக இந்த 1989-ஐ எடுப்பது அபூர்வம்.

போதாக்குறைக்கு, 2005 திருத்தத்தின் பலன் கிடைக்க அந்தத் தேதியில் தகப்பனாரும் மகளும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற 2015-ஆம் ஆண்டு பிரகாஷ் எதிர் பூலவதி தீர்ப்பை, அது இன்னும் செல்லுபடியாவதுபோல் சில நேரம் எடுத்துவைக்கும். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று சொல்லி, தகப்பனார் அன்று உயிரோடு இருந்தாரா என்பதே பொருட்டில்லை என்று தீர்த்துவிட்டது. பழைய தீர்ப்பை நம்பிக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பினால், பங்கு உள்ள ஒரு பெண்ணை 'உனக்கு ஒன்றுமில்லை போம்மா' என்று அனுப்பிய பாவம் நமக்கு.

கோர்ட் ஃபீயும் அப்படித்தான். 1870-ஆம் வருட மத்தியச் சட்டத்தைக் காட்டிக் கணக்குப் போடும். நமக்கு 1955-ஆம் வருட தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம். பாகம் கேட்கும் வழக்கில் வாதி கூட்டு அனுபவத்தில் இருக்கிறாரா, வெளியேற்றப்பட்டவரா என்பதைப் பொறுத்துக் கட்டணமே மாறும். தவறாகப் போட்டால் கட்டு ரிட்டர்ன் ஆகி வரும்.

சைட்டேஷனை எப்படிச் சரிபார்ப்பது?

என் அலுவலகத்தில் நடப்பது இது. முதலில் தீர்ப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பென்றால் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். உயர்நீதிமன்றத் தீர்ப்பென்றால் அதன் இணையதளம், அல்லது இந்தியன் கானூன் என்ற தேடல் தளம். பிறகு தேதி, எத்தனை நீதிபதிகள் அமர்வு. பிறகு எடுத்துக்காட்டிய பத்தி அதே சொற்களோடு இருக்கிறதா. அந்தப் பத்தி நீதிமன்றம் சொன்ன முடிவா, அல்லது எதிர்த்தரப்பு வக்கீலின் வாதத்தை நீதிபதி எடுத்தெழுதிய இடமா என்று பார்ப்பது அடுத்தது. ஏஐ இதில் அடிக்கடி ஏமாறும். தோற்றுப்போன வாதத்தைத் தீர்ப்பென்று தூக்கிக்கொண்டு வரும். கடைசியாக, பின்னால் யாராவது அதைத் தவறென்று சொல்லியிருக்கிறார்களா.

இதற்கெல்லாம் ஒரு தீர்ப்புக்கு இருபது நிமிடம் ஆகும். ஐந்து தீர்ப்பு என்றால் ஒன்றரை மணிக்கு மேல். தேடலில் மிச்சமான நேரம் இங்கே செலவாகிறது என்று ஒரு ஜூனியர் அலுத்துக்கொண்டார். நம்முடைய கையெழுத்து இருக்கும் காகிதம் அல்லவா, வேறு வழியில்லை. பத்துத் தீர்ப்பு அடுக்குவதை விட்டு மூன்றோடு நிறுத்துங்கள், நீதிபதிக்கும் நிம்மதி.

பழைய தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்க நம்பலாமா?

உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு என்றால் தமிழ் ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். சாட்சியம் தமிழில், பத்திரம் தமிழில், மேலே மொழி ஆங்கிலம். எனவே நம்மூர் வக்கீலுக்கு ஏஐயால் கிடைத்த பெரிய லாபம் இதுவே என்று தயங்காமல் சொல்வேன். அண்மைக் காலத்துத் தட்டச்சு ஆவணம் என்றால் முதல் படி நன்றாகவே வருகிறது.

1950-களின் கையெழுத்துக் கிரயப் பத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள், வேடிக்கை. விடுதலைப் பத்திரம் என்பது தன் பங்கை விட்டுக்கொடுப்பது. அதைச் சிறையிலிருந்து விடுவிக்கும் பாணியில் மொழிபெயர்த்ததை நான் திருத்தியிருக்கிறேன். ஒத்தி, போக்கியம், வாரம், குத்தகை எல்லாம் அதற்கு ஒரே குட்டை. அனுபவ உரிமை தீர்மானிக்கும் வழக்கில், கடனுக்கு ஈடாக நிலத்தை விடும் ஒத்திக்கும் வாடகைக்கு விடும் குத்தகைக்கும் உள்ள வித்தியாசம்தான் வழக்கே. நான்கெல்லையில் 'இதற்கு வடக்கு' என்று எழுதியிருப்பதை வடக்கு எல்லை என்று மாற்றினால் நிலம் ஓடையைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பொருளுக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது, அதாவது அது நம் தெற்கெல்லை. சர்வேயர் தெரிந்துகொள்வார், மென்பொருள் தெரிந்துகொள்ளாது.

நீதிமன்றங்களின் மொழிபெயர்ப்பு மென்பொருளைப் பற்றியும் இதேபோல் ஒன்று சொல்லிச் சிரிப்பார்கள். மேல்முறையீட்டுக்கு அனுமதி தரும் 'லீவ் கிராண்டட்' என்ற ஆங்கிலச் சொற்றொடரை அது 'விடுமுறை அளிக்கப்பட்டது' என்று இந்தியில் மாற்றிவிட்டதாம்.

கட்சிக்காரர் ஆவணங்களை ஏஐயில் ஏற்றலாமா?

பொதுவில் கிடைக்கும் இலவசக் கருவியில் ஏற்றாதீர்கள். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக்கூடாது என்பது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 132-ஆம் பிரிவு. பழைய சாட்சியச் சட்டத்தில் 126. கருவியில் ஏற்றுவது 'வெளியிடுவது' ஆகுமா என்று வாதம் செய்யலாம். வாதம் செய்யும் நிலைக்கு வருவதே நமக்குத் தோல்வி.

நான் செய்வது: பெயர், ஊர், சர்வே எண், ஆதார், வங்கி விவரம் எல்லாம் எடுத்துவிட்டு வாதி, முதல் பிரதிவாதி, 'அ' ஷெட்யூல் சொத்து என்று மாற்றிக் கொடுப்பேன். போக்சோ, குடும்ப நீதிமன்றக் கட்டுகள் அறவே கிடையாது. ஜூனியர் கைபேசியில் பத்திரத்தைப் படம் பிடித்து ஏற்றிவிடுவார், நாம் கவனிக்கவே மாட்டோம். அதனால் இதை வாய்மொழியாகச் சொல்லாமல் அலுவலகத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்.

நீதிமன்றங்களே ஏஐயைப் பயன்படுத்துகின்றனவா?

நம்மை விட முன்பே. தீர்ப்புகளை மொழிபெயர்க்கும் சுவாஸ் 2019 நவம்பரில் வந்தது. நீதிபதிகளின் ஆய்வுக்கு உதவும் சுபேஸ் 2021 ஏப்ரலில். 2023 பிப்ரவரியிலிருந்து உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் வாதங்கள் மென்பொருளால் எழுத்தாகின்றன. நீதிமன்றங்களைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு ஒதுக்கிய 7,210 கோடி ரூபாயில் 53.57 கோடி ஏஐ போன்ற புதிய தொழில்நுட்பங்களுக்கு. சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து, மின்தாக்கலில் உள்ள குறைகளைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் உச்ச நீதிமன்றம் உருவாக்கிச் சோதித்தது. அது மட்டும் நம் கீழமை நீதிமன்றங்களுக்கு வந்தால் ரிட்டர்ன் தொல்லை பாதி தீரும், குமாஸ்தாக்கள் கும்பிடுவார்கள்.

தெளிவாகக் கோடு போட்டது கேரளம். 2025 ஜூலையில் அந்த உயர்நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு ஒரு கொள்கை வெளியிட்டது: தீர்ப்புக்கு வருவதற்கோ, நிவாரணம் தீர்மானிப்பதற்கோ ஏஐ கூடாது, அனுமதித்த கருவிகளை மட்டும், மனிதர் சரிபார்த்துப் பயன்படுத்தலாம். அதே மாநிலத்தில் அந்த வருடம் நவம்பரிலிருந்து சாட்சியத்தைப் பேசப் பேச எழுத்தாக்கும் மென்பொருள் விசாரணை நீதிமன்றங்களுக்கு வந்தது. சாட்சி பேசி, நீதிபதி சொல்லி, டைப்பிஸ்ட் அடித்து என்று மூன்று வாய் மாறும்போது சாட்சியம் தேய்ந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதைத்தான் இங்கேயும் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

அரசு அலுவலகங்களும் சறுக்கியிருக்கின்றன. இல்லாத தீர்ப்புகளை ஆதாரமாகக் காட்டிய ஒரு வருமான வரி மதிப்பீட்டு ஆணையை 2025-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்த்தரப்பு அரசாக இருந்தாலும் சைட்டேஷனைத் தேடிப் பாருங்கள்.

நீதிபதி ஏஐயைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வாரா?

2023 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனுவில் நீதிபதியே சாட்ஜிபிடியிடம் ஒரு பொதுக் கேள்வி கேட்டார். முடிவு அதைச் சார்ந்ததல்ல என்று ஆணையிலேயே சொல்லிவிட்டார். அதே வருடம் டெல்லி உயர்நீதிமன்றம், சாட்ஜிபிடி பதிலை வைத்துச் சட்டப் பிரச்சினையையோ சங்கதிப் பிரச்சினையையோ தீர்க்க முடியாது என்றது. சிவப்பு அடிப்பாகச் செருப்புக்குப் பெயர்போன லூபுட்டான் நிறுவனத்தின் வழக்கு அது. நிறுவனத்தின் புகழுக்குச் சான்றாக சாட்ஜிபிடி பதிலை அவர்கள் தரப்பு தாக்கல் செய்திருந்தது.

ஜூனியர்கள் கதி என்ன, சார்?

எனக்கு உண்மையாகவே கவலை தரும் கேள்வி இது ஒன்றுதான்.

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தரச் சொன்னது: சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000. அதே காலத்தில்தான் மாதம் சில ஆயிரம் சந்தாவில் டிராஃப்ட் போடும் மென்பொருளும் வந்து நின்றது. சீனியர்கள் சிலர் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. வெளியே சொல்லமாட்டார்கள்.

கணக்கில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நான் தேதிவாரிப் பட்டியல் போட்டுத்தான் கட்டு படிக்கக் கற்றேன். நூலகத்தில் எம்.எல்.ஜே. புரட்டும்போது தேடிய தீர்ப்புக்குப் பக்கத்தில் இருந்த இன்னொன்று கண்ணில் பட்டு, அது வேறொரு கேஸுக்கு உதவியது. என் சீனியர் என் முதல் பிராதில் மூன்று வரி தவிர மீதியை அடித்துவிட்டார். அந்த அடித்தல்தான் எனக்குக் கல்லூரி. இப்போது அந்த வேலைகளை மென்பொருள் செய்துவிட்டால் ஜூனியர் எதைச் செய்து கற்பார்? ஏஐ எழுதியதில் தவறு கண்டுபிடிக்கும் கண்ணை, ஒருமுறையாவது தானே எழுதாதவர் எங்கிருந்து பெறுவார்?

நான் கண்ட வழி ஒன்று, சரியா என்று காலம் சொல்லட்டும். முதல் வருடம் ஜூனியர் கையால்தான் டிராஃப்ட் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகு ஏஐயிடமும் ஒரு டிராஃப்ட் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து எது ஏன் மேல் என்று எனக்குச் சொல்ல வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். ஒரு பெண் ஜூனியர் மூன்றாம் மாதமே, ஏஐ எழுதிய பிராதில் வழக்குமூலம், அதாவது வழக்குக்கான காரணம், எழுந்த தேதியே இல்லை என்று பிடித்தார். அவர் தேறிவிட்டார்.

வக்கீல் ஃபீஸ் குறையுமா?

வெளிநாட்டில் மணிக்கணக்கில் பில் போடுகிறார்கள், அங்கே இது பெரிய சண்டை. நம் பக்கம் கேஸுக்கு இவ்வளவு, வாய்தாவுக்கு இவ்வளவு. நோட்டீஸ், ஒப்பந்தம், வாடகைப் பத்திரம் போன்றவற்றுக்குக் குறையும். ஆறு வருடம் இழுக்கும் உரிமை வழக்குக்குக் குறைய வழியில்லை. அங்கே நேரம் போவது எழுதுவதில் அல்ல, வாய்தாவில்.

சின்ன விஷயம்தானே, செக் நோட்டீஸை நானே ஏஐயில் எழுதி அனுப்பலாமா?

அனுப்பலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் செக் நோட்டீஸ் சின்ன விஷயமல்ல. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். தேதிகளை ஏஐ சரியாகவே சொல்லும். தொகையில்தான் சிக்கல். 'வட்டி, நஷ்டஈடு எல்லாம் சேர்த்துக் கேள்' என்றால் பெரிய தொகையாகப் போட்டு அழகாக எழுதித் தரும். நோட்டீஸில் செக் தொகை அப்படியே தெளிவாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஒரு கோடி செக்குக்கு இரண்டு கோடி என்று எழுதிய நோட்டீஸ் செல்லாது, தட்டச்சுப் பிழை என்று சொல்லியும் தப்ப முடியாது என்றது. அந்த வழக்கு அத்தோடு போயிற்று. 30 நாள் தாண்டிவிட்டால் திருத்தி அனுப்பவும் முடியாது.

போலி ஆடியோ, வீடியோவைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால்?

மின்னணுப் பதிவுக்கு சாக்ஷ்ய அதிநியம் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் வேண்டும். இப்போது அது இரண்டு பகுதி: ஒன்று பதிவைத் தாக்கல் செய்பவர், மற்றது நிபுணர். கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும். கோப்பு பிறந்தபோதே போலியா என்று காட்டாது. எனவே குரல் பதிவைக் காட்டினால் மூலக் கருவியைக் கேளுங்கள், எப்போது, எங்கே, யார் பதிந்தார் என்று குறுக்கு விசாரணையில் போங்கள். 'ஏஐ செய்தது' என்று வெறுமனே மறுத்தால் நீதிபதி கேட்கமாட்டார்.

கட்சிக்காரர் ஏஐ தந்த பதிலை அச்செடுத்துக் கொண்டுவந்தால் என்ன செய்வது?

வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். 'சார், நமக்குத்தான் ஜெயம்னு சாட்ஜிபிடி சொல்லுது' என்பார் ஒருவர். அவர் கேட்ட கேள்வியைக் காட்டச் சொன்னால், தன் தரப்பை மட்டும் எழுதியிருப்பார். எதிராளியின் பத்திரம், பழைய தீர்ப்பாணை எதுவும் அதில் இருக்காது. அவரிடம் எதிராளி மாதிரி ஒரு கேள்வி போட்டுக் கேட்கச் சொல்வேன். எதிராளிக்கும் அது 'ஜெயம்' என்றுதான் சொல்லும். அதோடு அந்தப் பேச்சு ஓயும்.

ஆனால் காகிதத்தை வாங்கிப் படியுங்கள், அலட்சியமாகத் தள்ளாதீர்கள். அவர் நம்மிடம் சொல்லாத சங்கதி சில நேரம் அதில் இருக்கும். சட்டத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். லண்டனில் கத்தார் வங்கி ஒன்றின் மீதான பெரிய வழக்கு, 2025 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் கடும் கண்டனத்துக்கு ஆளானது. காட்டிய 45 மேற்கோள்களில் 18 இல்லவே இல்லாத தீர்ப்புகள். ஏஐ வைத்துத் தேடியவர் கட்சிக்காரர். அதை நம்பி அப்படியே தாக்கல் செய்தவர் வக்கீல். கட்சிக்காரர் வக்கீலை நம்பிச் சட்டம் தெரிந்துகொள்வது போய், வக்கீல் கட்சிக்காரரை நம்பியிருக்கிறாரே என்று நீதிபதி விக்டோரியா ஷார்ப் வியந்தார். அந்த வக்கீலின் பெயர் ஒழுங்கு நடவடிக்கைக்குப் போனது. கட்சிக்காரருக்கு அந்தப் பிரச்சினை இல்லை.